ஸ்கோப்புல அதே கோடு, காலையில சரி, அந்திக்கு ஒரு சாண் மேல போகுது. ஏன்?

ஊவா காத்து
வணக்கம் எல்லாருக்கும். நான் ஒரு கிளப்புல .22 (சின்ன தோட்டா ரைஃபிள்) சுடுறேன், துவக்கும் ஸ்கோப்பும் கிளப்போடது, லைசன்ஸ் எல்லாம் அவங்க பேர்லதான், அதனால அந்தக் கதைய இங்க இழுக்காதீங்க. இவ்வளவு நாளும் 50 மீட்டர்தான், இப்பதான் 100 மீட்டர் லைனுக்கு விட்டிருக்காங்க. ஸ்கோப் ஸூம் 4-16, உள்ள மில் (ஒரு கோண அளவு) கோடு போட்டது. 50க்கு ஸீரோ பண்ணி இருக்கு, அதாவது 50ல நடுப்புள்ளிய வச்ச எடத்துலயே குண்டு விழும், 100ல நடுவுக்கு கீழ இருக்கிற 2 மில் கோட்ட புல்லுல (டார்கெட்டோட நடு வட்டம்) வச்சு சுடுன்னு மாஸ்டர் சொன்னாரு, காலையில அச்சா அங்கயே போய் விழுது. அந்திக்கு பனி எறங்குன பொறகு அதே கோடு, அதே பெட்டி தோட்டா, ஒரு சாண் மேல போகுது. குரூப் (குண்டு விழுந்த ஓட்டைங்க) கலையல்ல, எல்லாம் ஒன்னாதான் இருக்கு, ஆனா மேல. 50ல இந்தப் பிரச்சினையே இல்ல. நம்ம ஊரு உசரத்துக்கு காத்து லேசு, பனியும் சேர்ந்து குண்ட தூக்குதுன்னு கூட சுடுற அண்ணன் ஒருத்தர் சொல்றாரு, உண்மையா? இன்னொன்னு, கனடாவுல இருக்கிற மச்சான் மில்தான் நல்லதுங்கிறான், மாஸ்டர் எம்ஓஏங்கிற இன்னொரு அளவுதான் நல்லதுங்கிறாரு. எத படிக்கிறது?

நானுஓயா ரயில்
பனி குண்ட தூக்காது தம்பி. உசரத்துல காத்து லேசுங்கிறது சரிதான், நுவரெலியா 1,868 மீட்டர், அங்க காத்தோட அடர்த்தி கடல் மட்டத்த விட ஏறக்குறைய ஆறுல ஒரு பங்கு கம்மி. .308ல (பெரிய தோட்டா) 1000 யார்ட் சுடுறவனுக்கு அதுல 1 மில்லுக்கு மேலயே வித்தியாசம் வரும். ஆனா 100 மீட்டர்ல .22க்கு ஒரு சாண் எல்லாம் வரவே வராது, அதுவுமில்லாம காலையிலயும் நீங்க அதே மலையிலதானே இருந்தீங்க! அந்திக்கு ஸூம் எத்தனையில வச்சிருந்தீங்க, அத மொதல்ல சொல்லுங்க.

ஊவா காத்து
காலையில 16. அந்திக்கு படம் இருட்டா இருந்துச்சு, அதனால 8க்கு கொறச்சேன். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

குளிர்தேசம்
அதேதான் சம்பந்தம். நான் ஹட்டன் பக்கம், இப்ப கனடா, இங்க எஃப்-கிளாஸ் (துவக்க தாங்கி மேல வச்சு ரொம்ப தூரம் சுடுற போட்டி) சுடுறேன். உங்க ஸ்கோப் எஸ்எஃப்பி, அதாவது கோடு போட்ட கண்ணாடி ஸூம் லென்ஸுக்கு பின்னால இருக்கு, ஸூம் கொறச்சா படம் சின்னதாகும் ஆனா கோடு அப்படியே நிக்கும். அதனால கோட்டு மேல எழுதியிருக்கிற அளவு ஒரே ஒரு ஸூம்லதான் உண்மை, அனேகமா ஆக உச்சத்துல. 16ல 2 மில்லா இருந்தது 8ல 4 மில்லாயிடும். 100 மீட்டர்ல 1 மில்லுன்னா 10 சென்டிமீட்டர், நீங்க 2 மில் கூட தூக்கி புடிச்சிருக்கீங்க, 20 சென்டி, உங்க ஒரு சாண் கணக்கு சரியா வந்திருச்சு பாருங்க. நடுப்புள்ளி எந்த ஸூம்லயும் நடுப்புள்ளிதான், 50ல நடுவ வச்சு சுட்டதால இது தெரியாமலே போயிருக்கும். எஃப்எஃப்பி ஸ்கோப்புன்னா கோடும் படத்தோட சேர்ந்து பெருசாகும் சின்னதாகும், இந்தத் தொல்லை இல்ல, ஆனா வெல கூட, உச்ச ஸூம்ல கோடு தடிச்சு புல்ல மறைக்கும். எஃப்-கிளாஸ்ல தூரம் முன்னமே தெரியும், அதனால எங்க ஆளுங்கள்ல நெறைய பேரு எஸ்எஃப்பியே வச்சிருக்காங்க.

மில்லா எம்ஓஏவாங்கிறது சும்மா சண்டை. ரெண்டும் கோண அளவு, 1 மில் 3.44 எம்ஓஏ, அவ்வளவுதான். கோடு எதுல இருக்கோ, ஸ்கோப்புக்கு வெளிய திருகுற குமிழ், அதான் டரெட், அதுவும் அதுலயே இருக்கணும், அதுதான் முக்கியம். பழைய ஸ்கோப் சிலதுல உள்ள மில் புள்ளி இருக்கும், வெளிய கால் எம்ஓஏ கிளிக், 1 மில் திருத்த 14 கிளிக் எண்ணிக்கிட்டு இருக்கணும், தலைவலி. ரெண்டும் ஒன்னுன்னா சென்டிமீட்டர் இன்ச் ஒன்னும் தேவையே இல்ல, குண்டு விழுந்த எடத்துக்கும் புல்லுக்கும் எத்தனை கோடுன்னு ஸ்கோப்புலயே பாருங்க, அத்தனைய திருகுங்க, முடிஞ்சுது.

லெவல்காரன்
தியத்தலாவையில சர்வே படிச்சவங்களுக்கு இது பழைய சமாச்சாரம். லெவல் மெஷினுக்குள்ள நடுக்கோட்டுக்கு மேலயும் கீழயும் ரெண்டு சின்ன ஸ்டேடியா கோடு இருக்கும், தூரத்துல நிறுத்தின ஸ்டாஃப்ப (அளவுக்கோல்) பாத்து மேல் ரீடிங்ல கீழ் ரீடிங்க கழிச்சு 100ஆல பெருக்கினா தூரம். வித்தியாசம் 0.84ன்னா 84 மீட்டர். மில் கணக்குல சொன்னா அந்த ரெண்டு கோட்டுக்கும் நடுவுல 10 மில், உங்க ஸ்கோப்பும் அதே கணக்குதான். யாரு சொல்றதையும் நம்ப வேணாம், ஸ்கோப்ப துவக்குல இருந்து கழட்டி (துவக்கோட வச்சுக்கிட்டு கண்ட பக்கமெல்லாம் பாக்கக் கூடாது, கேட்டுக்குங்க) ஒரு ஸ்டாண்டுல இறுக்கி, சரியா 100 மீட்டர்ல அளவு நாடாவ செங்குத்தா தொங்கவிட்டு, ஒவ்வொரு ஸூம்லயும் 1 மில்லுக்குள்ள எத்தனை சென்டி அடங்குதுன்னு எழுதி வைங்க.

கண்டி பொடியன்
ஒலிம்பிக்ல ரைஃபிளுக்கு ஸ்கோப்பே கெடையாது, 10 மீட்டரும் சரி 50 மீட்டரும் சரி. மொதல்ல ஓட்டை சைட்டுல சுடப் பழகுங்கப்பா.

ஊவா காத்து
@லெவல்காரன் கிளப்ல கேட்டு நாடா கட்டிப் பாத்தோம். 16ல 10 சென்டி, 8ல 20, பனி பாவம். இப்ப 16லயே வச்சு சுடுறேன், ஆனா 100ல குரூப் எப்பவும் ஒரு நாலு சென்டி வலது பக்கமா இருக்கு, 50ல கண்ணுக்கே தெரியாத அளவுதான். காத்து அடிக்காத நேரத்துலயும் இதே கதை.

லெவல்காரன்
துவக்கு வலது பக்கம் சாயுதா பாருங்க. 5 பாகை சாஞ்சாலே .22ல 100 மீட்டர்ல அந்த அளவுக்கு வலது போகும், கொஞ்சம் கீழயும் எறங்கும். டார்கெட்டுக்கு பின்னால தேயிலை மலை சரிவா இருந்தா கண்ணு அந்தச் சரிவ மட்டம்னு நெனச்சுக்கிட்டு துவக்கையும் சேத்து சாய்ச்சிரும், நம்ம பக்கம் மட்டமான அடிவானம் எங்க இருக்கு? டார்கெட்டு பக்கத்துல தூக்குக்குண்டு ஒன்னு கட்டுங்க, நெலக்குத்துக் கோடு அந்த நூலோட ஒட்டி நிக்கணும். துவக்க மட்டமா வச்சும் கோடு நூலோட சேரலன்னா ஸ்கோப்ப ரிங்குல கோணலா மாட்டியிருக்கு, அத நீங்க தொடாதீங்க, மாஸ்டர்கிட்ட சொல்லுங்க.