கூடத்துச் சுவருக்குக் கருநீலச் சாம்பல் நிறம் பொருந்துமா?

கேள்வி (கிருஷ்ணகிரி):
எங்கள் கூடம் 10-க்கு 12 அடி. வடக்கில் ஒரே சன்னல். மழைமேகம் போன்ற கருநீலச் சாம்பல் நிறத்தை நான்கு சுவர்களுக்கும் அடிக்க மிகவும் விரும்புகிறேன். அறை இருண்டுவிடும் என்று வீட்டில் அஞ்சுகிறார்கள்.

மறுமொழி:
அந்த அச்சம் நியாயமானதே. அடர்நிறம் தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். வடக்குச் சன்னலில் நேர்வெயில் குறைவு என்பதால், இந்த நிறத்திலுள்ள நீலம் இன்னும் குளிர்ந்து தெரியும். சன்னலுக்கு எதிர்ச்சுவருக்கு மட்டும் அடித்து, மற்றவற்றைச் சந்தன வெள்ளையாக விடுங்கள். விளக்குகள் 2700 முதல் 3000 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வரையிலான மஞ்சள் ஒளியாக இருக்கட்டும்.

மறுமொழி (தருமபுரி):
எங்கள் படுக்கையறையில் இதே நிறத்தை வெள்ளைப் பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) மீது அடித்ததால், இரண்டு பூச்சுக்குப் பிறகும் திட்டுத்திட்டாகத் தெரிந்து, மூன்றாவது பூச்சு தேவைப்பட்டது. சாம்பல் கலந்த பிரைமரைக் கேளுங்கள். பளபளப்பான பெயிண்ட், சுவரைச் சமன்செய்யப் பூசும் பட்டியின் மேடுபள்ளங்களை எல்லாம் காட்டிக்கொடுக்கும், பளபளப்பில்லாத மேட் வகையோ கைத்தடத்தை எளிதில் ஏற்கும். முதலில் பெரிய அட்டையில் அடித்து, காலையிலும் விளக்கு வெளிச்சத்திலும் பாருங்கள்.

கேட்டவர்:
நன்றி. தரை கருப்புக் கிரானைட் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

மறுமொழி:
அப்படியானால் ஒரு சுவரே போதும். அதன் முன்னே பித்தளைக் குத்துவிளக்கும் தேக்கு நாற்காலியும் மிக அழகாக எடுத்துத் தெரியும்.