ஃபார்மல் குல விதி ஒன்றைக் கையில் கொடுத்தால் கோஹோமாலஜி கோட்பாடு தானாக வந்துவிடுமா?

பால்மரத்து_வீடு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். முதுகலைக் கணிதம் முடித்து வீட்டுக்குத் திரும்பி ஒரு வருடம் ஆகிறது. மாலையில் டவுனில் டியூஷன், இரவில் அம்மா படுத்த பிறகு அடுக்களை மேசையில் டோபாலஜி. அம்மா தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போன காலத்துப் பழக்கத்தில் இன்னமும் விடியற்காலை நான்கரைக்கு எழுந்துவிடுவார், அதனால் எனக்குக் கிடைப்பது பத்து மணியிலிருந்து ஒரு மணி வரைதான். இந்தக் கேள்வியிலேயே மூன்று வாரம் போய்விட்டது.

நான் புரிந்துகொண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன், தப்பென்றால் திருத்துங்கள். கோஹோமாலஜி கோட்பாடு என்பது ஒவ்வொரு வெளிக்கும் ஓர் இயற்கணித அமைப்பைக் கொடுக்கும் முறை. அதில் பெருக்கல் உள்ள ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் ஒவ்வொரு கலப்பெண் கோட்டுக் கற்றைக்கும் (வெளியின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு கலப்பெண் கோட்டை ஒட்டியது) அதன் முறுக்கைக் காட்டும் முதல் செர்ன் வகுப்பு ஒன்றை ஒழுங்காகத் தேர்ந்தெடுக்க முடிகிறது என்றால், இரண்டு கற்றைகளை டென்சார் பெருக்கம் செய்யும்போது அவற்றின் வகுப்புகள் க, ச இரண்டும் ஓர் அடுக்குத் தொடர் வழியாகச் சேர்கின்றன. க + ச என்று தொடங்கி அதற்கு மேல் கலப்பு உறுப்புகள் வரும், வரிசை மாற்றினாலும் மாறாது, மூன்றைச் சேர்க்கும்போது எந்த ஜோடியை முதலில் சேர்த்தாலும் விடை ஒன்றே. அதுதான் ஃபார்மல் குல விதி. இனி வெறும் விதி என்றே எழுதுகிறேன். சாதாரணக் கோஹோமாலஜியில் அது க + ச. கற்றைகளைக் கொண்டே கட்டிய கே-கோட்பாட்டில் க + ச − கச.

1955-இல் லசார் என்ற கணிதர் எல்லா விதிகளுக்கும் பொதுவான ஒரே வளையத்தை (கூட்டலும் பெருக்கலும் உள்ள அமைப்பை) கட்டினார். எந்த வளையத்தின் மேல் எந்த விதி இருந்தாலும் அது லசார் வளையத்திலிருந்து வரும் ஒரு வளையச் சார்புதான். அந்த வளையம் முடிவில்லாத மாறிகள் உள்ள சாதாரணப் பல்லுறுப்புக்கோவை வளையம் என்றும் நிறுவினார். 1960-இல் மில்னரும் நோவிகோவும் தனித்தனியே கலப்பெண் கோபார்டிசத்தின், அதாவது எம்யூவின், கெழு வளையத்தை (ஒரு புள்ளிக்கு அந்தக் கோட்பாடு தரும் வளையத்தை) கணக்கிட்டார்கள். இரண்டு பல்வெளிகள் சேர்ந்து இன்னொரு பல்வெளியின் விளிம்பாக அமைந்தால் அவற்றை ஒன்றாக எண்ணும் கோட்பாடு அது, 2, 4, 6 என்று ஒவ்வொரு இரட்டைப் படிக்கும் ஒரு மாறி. 1969-இல் குவில்லன் இரண்டு வளையமும் ஒன்றே என்று நிறுவினார், அந்தக் கட்டுரை மொத்தமே ஆறு பக்கம்.

இப்போது என் கேள்வி. ஒரு விதியைக் கொடுத்தால் எம்யூவின் கெழு வளையத்திலிருந்து ஒரு சார்பு கிடைக்கிறது. அப்படியானால் ஒரு வெளியின் எம்யூ-கோஹோமாலஜியை எடுத்து, இந்தச் சார்பு வழியாகப் புது வளையத்தோடு டென்சார் செய்தால், அதாவது கெழுக்களைப் புது வளையத்துக்கு மாற்றினால், புதிய கோட்பாடு வந்துவிட வேண்டும் அல்லவா? விதிகளை வகைப்படுத்திவிட்டால் பெருக்கல் உள்ள எல்லாக் கோட்பாடுகளையும் வகைப்படுத்தியாகிவிட்டதா? படிக்கும்போது ஒரு விரிவுரையாளரிடம் கேட்டேன். "தேர்வுக்கு வராது" என்று முடித்துவிட்டார். அந்த விடை இன்னும் உறுத்துகிறது.

கரும்பலகை எழுதியது:

தங்கச்சி, நான் டோபாலஜி படித்தவன் இல்லை. ஆறாம் படிவ (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய) மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்று இப்போது தாப்பாவில் இருக்கிறேன். உன் பிரதான கேள்விக்கு வேறு யாராவது விடை சொல்லட்டும். ஆனால் க + ச − கச என்று பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, இதை நான் வருடா வருடம் தீபாவளிக்கு முன்னால் வகுப்பில் போடுவேன்.

துணிக்கடையில் 100 வெள்ளி (ரிங்கிட்) விலையுள்ள புடவைக்கு 20 விழுக்காடு தள்ளுபடி. உறுப்பினர் அட்டை இருந்தால் மேற்கொண்டு 10 விழுக்காடு. பிள்ளைகள் உடனே 30 என்பார்கள். கணக்குப் போட்டுப் பார், 100 முதலில் 80 ஆகிறது, 80-இல் பத்திலொரு பங்கு போனால் 72. ஆக மொத்தத் தள்ளுபடி 28. அதாவது 0.2 + 0.1 − 0.02. உன் கே-கோட்பாட்டு விதி அப்படியே. அட்டைத் தள்ளுபடியை முதலில் போட்டாலும் 72-தான், மூன்றாவது தள்ளுபடி வந்தாலும் எதை எதோடு முதலில் சேர்த்தாய் என்பது பொருட்டே இல்லை. ஏன் என்றால் கட்டும் பங்கைப் பார், 0.8-ஐ 0.9-ஆல் பெருக்குகிறோம், அவ்வளவுதான். தள்ளுபடி என்பது 1-லிருந்து கட்டும் பங்கைக் கழித்தது.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. சார்பியலில் வேகங்களைக் கூட்டும் வாய்பாடு, ஒளி வேகத்தை 1 என்று வைத்தால் க + ச-ஐ 1 + கச-ஆல் வகுப்பது. அதையும் தொடராக விரித்தால் நீ சொன்ன நிபந்தனைகள் எல்லாம் பொருந்துகின்றன. அதற்கும் உன் டோபாலஜியில் இடம் உண்டா? தெரிந்துகொள்ள ஆசை.

கடாரத்துக்_காற்று எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்னதை உவமை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, கே-கோட்பாட்டில் நடப்பதே அதுதான். அங்கே கோட்டுக் கற்றை என்பது உங்கள் "கட்டும் பங்கு". கற்றைகள் டென்சாரில் பெருகுகின்றன. செர்ன் வகுப்பு என்பது 1-லிருந்து கற்றையைக் கழித்தது (கற்றைக்குப் பதிலாக அதன் இருமத்தை, அதாவது dual-ஐ, எடுப்பவர்களும் உண்டு, கணக்கு மாறாது), அதாவது தள்ளுபடி. அதனால்தான் க + ச − கச. வேகக் கூட்டல் வாய்பாட்டுக்கும் இடம் உண்டு, ஹிர்செப்ருக்கின் சிக்னேச்சர் எண் தரும் விதி அதுவே. எம்யூவின் கெழு வளையத்தில் இருப்பவை கோபார்டிச வகுப்புகள் என்பதால், அங்கிருந்து கிளம்பும் ஒவ்வொரு வளையச் சார்பும் ஒவ்வொரு பல்வெளிக்கும் ஏதோ ஓர் எண்ணைக் கொடுக்கிறது. டாட் எண் எல்லாக் கலப்பெண் புரொஜெக்டிவ் வெளிக்கும் 1 கொடுக்கும், அதிலிருந்து தள்ளுபடி விதி வருகிறது. சிக்னேச்சர் இரட்டைக் கலப்பெண் பரிமாணத்துக்கு 1, ஒற்றைக்கு 0, அதிலிருந்து வேக விதி.

இனி தங்கச்சியின் கேள்வி. முதலில் ஒரு சின்னத் திருத்தம். விதி என்பது கோட்பாட்டுக்கு மட்டும் சொந்தமில்லை, நீங்கள் தேர்ந்தெடுத்த செர்ன் வகுப்பையும் சார்ந்தது. வேறு வகுப்பைத் தேர்ந்தெடுத்தால் பழையதை ஓர் அடுக்குத் தொடரில் போட்டு மாற்றியது போல விதியும் மாறும். மாறாமல் நிற்பது அதன் அடியில் இருக்கும் ஃபார்மல் குலம். ஐயாவின் கணக்கிலேயே பாருங்கள், தள்ளுபடிக்குப் பதிலாகக் கட்டும் பங்கின் மடக்கையைக் குறி மாற்றி எழுதினால் தள்ளுபடிகள் வெறுமனே கூடும். ஆனால் அந்த மடக்கைத் தொடரில் அரை, மூன்றிலொன்று, நான்கிலொன்று எல்லாம் வருகிறது. விகிதமுறு எண்கள் இருந்தால் எந்த விதியையும் இப்படிக் க + ச ஆக்கிவிடலாம். முழு எண்களுக்குள் வகுக்க வழியில்லை. இந்தத் துறையின் உயிரே அந்த வகுக்க முடியாமையில்தான் இருக்கிறது என்பேன்.

டென்சார் செய்தால் கோட்பாடு வருமா? எப்போதும் வராது. டென்சார் செய்யும்போது எக்ஸாக்ட் தொடர்கள் (வெளியின் துண்டுகளுக்கு வரும் விடைகளை முழு வெளியின் விடையோடு இணைப்பவை) அறுந்துபோகலாம், அறுந்தால் அது கோஹோமாலஜி இல்லை. கே-கோட்பாட்டுக்கு டென்சார் வழி பலிக்கிறது என்று 1966-இல் கானரும் ஃபிளாய்டும் காட்டினார்கள். பொதுவான நிபந்தனையை 1976-இல் லாண்ட்வெபர் கொடுத்தார். ஒவ்வொரு பகா எண் ப-வுக்கும், க-வை அதே விதிப்படி ப தடவை தன்னோடு சேருங்கள். வரும் தொடரில் ப, வி1, வி2 என்று சில கெழுக்களைப் பார்க்க வேண்டும், வி1 என்பது க-வின் ப-ஆம் அடுக்கின் கெழு, வி2 என்பது ப-வர்க்க அடுக்கின் கெழு, இப்படியே. ப-ஆல் பெருக்கினால் வளையத்தில் எதுவும் பூச்சியமாகக் கூடாது. பிறகு ப-வைப் பூச்சியமாக்கிவிட்டு மிஞ்சியதில் வி1-ஆல் பெருக்கினாலும் எதுவும் பூச்சியமாகக் கூடாது. அப்புறம் வி2. மிஞ்சுவது ஒன்றுமில்லை என்றானதும் நிறுத்திக்கொள்ளலாம். இந்தச் சோதனையில் தேறினால் டென்சார் செய்தது உண்மையான கோட்பாடு. இதை ஹோமாலஜியில் செய்வதுதான் சுத்தம், கோஹோமாலஜியில் டென்சார் செய்யும்போது முடிவுள்ள வெளிகளோடு நிற்க வேண்டும்.

சாதாரணக் கோஹோமாலஜியையும் கே-கோட்பாட்டையும் நீங்களே இதில் போட்டுப் பாருங்கள். நான் சொல்லிவிட்டால் சுவை போய்விடும்.

பால்மரத்து_வீடு எழுதியது:

போட்டுப் பார்த்தேன், நேற்று இரவு ஒன்றரை மணி ஆகிவிட்டது. ப = 2 முதலில். ஐயாவின் கடைப்படி ஒரே தள்ளுபடியை இரண்டு தடவை போட்டால் 2க − க². 2-ஐப் பூச்சியமாக்கினால் மிஞ்சுவது க²-தான், அதன் கெழு 1. ஆக வி1 தலைகீழ் உள்ள உறுப்பு, அதனால் பெருக்கினால் எதுவும் சாகாது, அதையும் பூச்சியமாக்கினால் வளையமே காலி. மற்ற பகா எண்களுக்கும் கட்டும் பங்கை ப அடுக்குக்கு உயர்த்தினால் போதும், நடுவில் வரும் ஈருறுப்புக் கெழுக்கள் எல்லாம் ப-ஆல் வகுபடுகின்றன. கே-கோட்பாடு தேறிவிட்டது!

க + ச விதியில் ப தடவை சேர்த்தால் ப மடங்கு க. முழு எண்களில் ப-ஆல் பெருக்குவதில் சிக்கல் இல்லை, ஆனால் ப-வைப் பூச்சியமாக்கியதும் வி1 பூச்சியம், வளையமோ காலியாகவில்லை. தேறவில்லை. விகிதமுறு எண்களில் ப-வைப் பூச்சியமாக்கினாலே எல்லாம் காலி என்பதால் அங்கே தேறுகிறது. ஆனால் முழு எண் கெழுவுள்ள சாதாரணக் கோஹோமாலஜி இருக்கத்தானே செய்கிறது? அப்படியென்றால் லாண்ட்வெபர் சோதனையில் தேறாததாலேயே கோட்பாடு இல்லை என்று ஆகாது, டென்சார் வழியில் அது கிடைக்காது என்று மட்டும்தான் அர்த்தம். சரியா?

இன்னொன்று. மெய்யெண் கற்றைகளின் கே-கோட்பாடு, கேஓ, அதன் விதி என்ன? எங்கேயும் எழுதக் காணோம்.

கடாரத்துக்_காற்று எழுதியது:

மிகச் சரி. கேஓவுக்கு விதியே கிடையாது, அதனால்தான் எங்கேயும் காணோம். செர்ன் வகுப்பு தொடங்குவது ஒரு கோளத்தில், கலப்பெண் புரொஜெக்டிவ் நேர்கோடு என்பது 2-கோளம்தான். அதற்கு மேல் 4 பரிமாணச் செல் ஒன்றை ஹாஃப் சார்பு (3-கோளத்திலிருந்து 2-கோளத்துக்குப் போவது) வழியாக ஒட்டினால் புரொஜெக்டிவ் தளம். கோளத்தில் இருக்கும் வகுப்பைத் தளத்துக்கு நீட்ட வேண்டும் என்றால் அந்தக் கோட்பாட்டில் ஹாஃப் சார்பின் உறுப்பு, ஈட்டா, பூச்சியமாக வேண்டும். கேஓவில் முதல் படியில் இரண்டே உறுப்புகள் உள்ள குலம் இருக்கிறது, அதில் பூச்சியம் அல்லாதது ஈட்டாவேதான். முதல் படியிலேயே ஏற முடியவில்லை. 2-ஐத் தலைகீழாக்கிவிட்டால் தடை போய்விடும். ஆகவே பெருக்கல் உள்ள எல்லாக் கோட்பாட்டையும் விதிகளால் வகைப்படுத்துவது என்ற பேச்சு, செர்ன் வகுப்பைத் தேர்ந்தெடுக்க முடிந்தவற்றுக்கு மட்டுமே.

அவற்றுக்குள்ளும் ஒரு ஓட்டை உண்டு. எந்த வெளியையும் ஒரு வட்டத்தோடு பெருக்கி, அதன் சாதாரணக் கோஹோமாலஜியை எடுங்கள். அதுவும் பெருக்கல் உள்ள கோட்பாடுதான், அதன் விதியும் க + ச-தான், ஆனால் புள்ளியின் கோஹோமாலஜியில் இப்போது ஒற்றைப் படியில் ஒன்று கூடுதலாக உட்கார்ந்திருக்கிறது. விதியின் கெழுக்கள் எல்லாம் இரட்டைப் படிகளில் இருப்பதால் அதன் கண்ணுக்கு இது தெரியவே தெரியாது. லாண்ட்வெபர் சோதனையில் தேறியவற்றை எம்யூவிலிருந்து டென்சார் செய்தே கட்டும்போது இந்தக் குழப்பம் இல்லை, விதி கிடைத்தால் ஹோமாலஜி கோட்பாடும் கிடைத்தது.

தங்கச்சி தொட்ட வி1, வி2-க்குப் பின்னால்தான் பெரிய தோட்டமே இருக்கிறது. ப-வைப் பூச்சியமாக்கிய பிறகு, ப தடவைச் சேர்க்கையில் முதலில் மிஞ்சும் அடுக்கு ப-வின் எத்தனையாவது அடுக்கோ அதுதான் உயரம். தள்ளுபடி விதிக்கு உயரம் 1. க + ச-க்கு எதுவும் மிஞ்சாததால் முடிவிலி. இயற்கணித மூடல் உள்ள களத்தில் இரண்டு விதிகள் ஒத்தவையா என்பதை உயரம் ஒன்றே தீர்மானிக்கும், இதுவும் லசார் நிறுவியது. நீள்வட்ட வளைவுகளின் கூட்டலைத் தொடராக விரித்தால் உயரம் 1 அல்லது 2 வரும், 1980-களில் லாண்ட்வெபரும் ராவனெலும் ஸ்டாங்கும் அங்கிருந்துதான் நீள்வட்டக் கோஹோமாலஜியைக் கட்டினார்கள். ஒவ்வோர் உயரத்துக்கும் மொராவா கே-கோட்பாடு ஒன்று இருக்கிறது.

கரும்பலகை எழுதியது:

காலையில் பசியாறிவிட்டு வந்து எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். வேக விதியை 3-க்குப் போட்டுப் பார்த்தேன், மூன்று தடவை சேர்த்தால் 3க + க³-ஐ 1 + 3க²-ஆல் வகுக்க வேண்டும், 3-ஐப் பூச்சியமாக்கினால் க³ மட்டும். உயரம் 1-தானே? 2-க்குப் போட்டால் 2க-வை 1 + க²-ஆல் வகுப்பது, அது முழுக்கப் பூச்சியமாகிறது. 2-க்கு மட்டும் ஏன் இப்படி?

பால்மரத்து_வீடு எழுதியது:

ஐயா, எனக்கும் 3-க்கு 1 என்றே வருகிறது. ஒற்றைப் பகா எண் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும். வேக விதியில் 1 + க-வை 1 − க-ஆல் வகுத்து வரும் எண்கள் பெருகுகின்றன, அதாவது அதுவும் உள்ளே தள்ளுபடி விதிதான், ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக 2-ஆல் வகுக்க வேண்டியிருக்கிறது. 2-ஐப் பூச்சியமாக்கிய இடத்தில் அந்தப் பாலம் கிடையாது. அங்கே அது க + ச-வோடுதான் போய்ச் சேர்கிறதா என்று இன்றிரவு பார்க்கிறேன்.