மஞ்சள் அரைத்தது யாருக்கோ: பாட்டெழுதப் போன அனுபவங்கள்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து:

எங்கள் ஊருக்குப் படப்பிடிப்பு புதிதல்ல. கொடிவேரி அணையிலும் வாய்க்கால் கரைகளிலும் கேமராவைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். கல்லூரி முடித்த வருடம், அப்படி வந்த ஒரு படக்குழுவிடம் என் கவிதை நோட்டை நீட்டினேன். உதவி இயக்குநர் ஒருவர் வாங்கி வேனுக்குள் வைத்தார். மறுநாள் குழு வேறு ஊருக்குக் கிளம்பிவிட்டது, நோட்டும் அதோடு போய்விட்டது. நகல் எடுத்து வைத்திருக்கவில்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அதன் பிறகு ஈரோட்டில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறி, விடிவதற்குள் சென்னையில் இறங்கி, சாலிகிராமம், வடபழனி என்று வாசல் வாசலாக நடந்த நாட்கள் பல. அங்கே ஓர் அலுவலகத்தில் இருந்த பெரியவர்தான் கேட்டார்: “கவிதை இருக்கட்டும் தம்பி, மெட்டுக்கு எழுதியிருக்கிறாயா?” நான் எழுதியதில்லை. எழுதிய பாட்டுக்கு இசை போடுவார்கள் என்றே அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். சினிமாவில் பெரும்பாலும் மெட்டுதான் முதலில் வருகிறது. இசையமைப்பாளர் தனனா தானனா என்று பாடி அனுப்புவார், அந்த அளவுக்குள் நாம் சொல்லை உட்கார வைக்க வேண்டும். கோபத்தோடு ஊர் திரும்பினேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி என்று ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

மெட்டுக்கு எழுத எனக்குக் கற்றுக்கொடுத்தது கும்மிதான். வள்ளி ஒயில் கும்மிக்காக கோவை மாவட்டத்துப் பத்ரப்பன் ஐயாவுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. எங்கள் பக்கத்து ஊர்களில் அதற்கு முன்பே கோயில் நோம்பி, அதாவது திருவிழா, என்றால் கும்மிதான். எங்கள் ஊர்க் குழுவின் ஆசிரியரிடம் நான் எழுதிய பாட்டொன்றைக் காட்டினேன். படித்துவிட்டு, “கண்ணு, கண்ணுக்கு நன்றாக இருக்கிறது. காலுக்கு எங்கே இடம்?” என்றார். பிறகு என்னை வட்டத்துக்குள் நிறுத்தி ஆட வைத்தார். அடி எடுத்து வைக்கும் இடத்தில் என் சொல் இன்னும் முடியாமல் நீண்டுகொண்டிருந்தது. மூன்று மாதம் ஆடியபடியே எழுதினேன். உடுமலை நாராயணகவி நாடக மேடைக்கு எழுதிப் பழகித்தான் திரைக்குப் போனார் என்று எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அதன் பொருள் அந்த வட்டத்துக்குள் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது.

கோவையில் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடம். குறும்படம் ஒன்றுக்கு மெட்டுப் போட்ட இளைஞர், கும்மிப் பாட்டைக் கேட்டுவிட்டு அழைத்திருந்தார். பல்லவியின் முதல் அடி “தன்னன தன்னன தானானா”. நான் எழுதிக்கொண்டு போனது:

மஞ்சள் அரைத்தது என் கைகள்

அளவு கச்சிதமாக இருந்தது. பாட வந்த பெண் இரண்டு முறை பாடிவிட்டு நிறுத்திவிட்டார். “அண்ணா, கடைசி இடத்தில் குரலை நீட்ட வேண்டும். ‘கள்’ என்று முடித்தால் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்கிறது. ‘என்’ வரும்போது குரல் மூக்குக்கு ஏறுகிறது.” அவர் சொன்னதும் நானே வாய்விட்டுப் பாடிப் பார்த்தேன். உண்மைதான், ‘ள்’ வந்ததும் குரல் அடைபட்டது. வெளியே திண்ணையில் அரை மணி நேரம் உட்கார்ந்து மாற்றினேன்:

மஞ்சள் அரைத்தது யாருக்கோ

‘யா’வில் குரல் திறந்தது, ‘கோ’வில் அவர் விரும்பிய வரை நின்றது. எனக்கு மெய் சிலிர்த்தது வேறொரு காரணத்துக்காக. முதல் வரியில் ஒரு தகவல்தான் இருந்தது. இரண்டாவது வரியில் ஒரு பெண் வந்து நின்றுவிட்டாள். சரணம் முழுவதும் அவளே சொல்லச் சொல்ல எழுதியது போல வந்தது. நோட்டில் நான் அடைத்து வைத்திருந்த கவிதைகள் எதிலும் அவள் இல்லை.

இதுவரை வெளியானவை 6 பாட்டுகள். ஒன்று மட்டும் திரையரங்குக்கு வந்த படத்தில். கோயில் பாட்டோ கல்யாணப் பாட்டோ, யார் மெட்டுக் கொடுத்தாலும் எழுதுங்கள் என்று புதிதாக வருகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். கண்ணதாசன் தம் முதல் திரைப்பாட்டை எழுதிய 1949-ஆம் ஆண்டுப் படத்தைத் தயாரித்த ஜூபிடர் நிறுவனம் அப்போது கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில்தான் இயங்கியது. இன்று நமக்குப் பக்கத்தில் அப்படி ஒரு வாசல் இல்லை என்பது வருத்தம்தான். ஆனால் மெட்டுக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

திருப்பூரிலிருந்து:

கோபிசெட்டிபாளையத்து அண்ணா எழுதியதைப் படித்ததும் என் அனுபவத்தையும் சொல்லத் தோன்றியது. பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஒரு தனிப்பாடலுக்கு வாட்ஸ்அப்பில் மெட்டு வந்தது, இரவோடு இரவாக எழுதி அனுப்பினேன். பாட்டு வெளியானபோது இசை, குரல், படத்தொகுப்பு எல்லாருக்கும் பெயர் இருந்தது. எனக்கு இல்லை. அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பார்த்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

பிறகுதான் பதிப்புரிமைச் சட்டத்தைப் படித்தேன். பாட்டு வரிகளின் உரிமை, எழுதிய கணமே எழுதியவருக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்தால்தான் என்று இல்லை. அதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டுமென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். ராயல்டியில், அதாவது பாட்டைப் பயன்படுத்துவதற்காக வரும் பணத்தில், பாடலாசிரியருக்குச் சம பங்கு என்று 2012-இல் திருத்தமே வந்திருக்கிறது. வாய்ப்புக் கேட்டு நிற்கிற நேரத்தில் இதையெல்லாம் பேசினால் விரட்டிவிடுவார்களோ என்ற பயம் எனக்கும் இருந்தது. ஒருவர் விலகிப் போனார். இரண்டு பேர் மறு பேச்சில்லாமல் ஒரு பக்கத் தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள்.

இப்போது மெட்டு வந்தால் பல்லவியை மட்டும் எழுதி அனுப்புகிறேன். தாள் வந்த பிறகு சரணம் போகிறது.