உப்புக் கடற்கரைக்கு எந்த மெட்டல் டிடெக்டர்? பட்டறிந்தவர்கள் சொல்லுங்கள்

கரைநடை

மூன்று மாதமாக மனசுக்குள் கிடக்கும் புலம்பல் இது. முதன்முதலாக வாங்கிய டிடெக்டரை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். அதற்கு முன்னால் வீட்டுத் தோட்டத்தில் வைத்துப் பார்த்தபோது தங்கமான பிள்ளை. ஆணிக்கு உறுமும், நாணயத்துக்குக் கூவும். காய்ந்த மணலிலும் சொன்ன பேச்சைக் கேட்டது. ஒரு சாவி, இரண்டு நாணயம், கணக்கில்லாமல் பாட்டில் மூடிகள் கிடைத்தன. சரி, குளிப்பவர்கள் விரலிலிருந்து மோதிரம் நழுவுவது தண்ணீர் ஓரத்தில்தானே என்று கீழே இறங்கினேன்.

ஈர மணலில் கால் வைத்ததும் ஆரம்பித்தது. காயிலை, அதாவது தரையை ஒட்டி வீசும் வட்டத் தட்டை, வலப்பக்கம் வீசினால் ஒரு பீப், இடப்பக்கம் வீசினால் ஒரு பீப், சும்மா தூக்கினாலும் ஒரு பீப். ஒரு சின்ன அலை காயிலைத் தொட்டுவிட்டுத் திரும்பியபோது காது கிழிய ஒரு கத்தல். முதல் அரை மணி நேரம் புதையல்மேல் நிற்பதாகவே நினைத்தேன். பதினோரு குழி தோண்டினேன். பதினொன்றிலும் தண்ணீர்தான்.

கோளாறு என்று நினைத்து வீட்டுக்கு வந்து சோதித்தால் ஒரு குறையும் இல்லை. 'நீர் புகாது' என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கிறது. அப்புறம் ஏன் இப்படி? அடுத்ததை வாங்குவதற்கு முன் கேட்டுவிடலாம் என்று வந்தேன். எடை, ஆழம் எல்லாம் அட்டவணையில் நானே பார்த்துக்கொள்கிறேன். உங்களுக்கு என்ன நடந்தது, அதைச் சொல்லுங்கள்.

அலைவரிசை

பதினொன்றுதானா? முதல் நாள் நான் தோண்டியதை நான் எண்ணவில்லை, என் முதுகு எண்ணியது.

கருவியிலும் கோளாறு இல்லை, உங்களிடமும் இல்லை. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்தத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். காயில் அனுப்பும் காந்தப்புலம் அதன்மேல் பட்டால், கீழே மெல்லிய உலோகத் தகடு கிடப்பது போலப் பதில் வருகிறது. எந்த உலோகம் போல என்பதில்தான் வில்லங்கம். அலுமினியத் தாளும் சின்னத் தங்க மோதிரமும் விழும் பக்கத்துக்கு வெகு அருகில் உப்பும் விழுகிறது. 'உப்பை ஒதுக்கித் தொலை' என்று, வேண்டாத சிக்னலை ஒதுக்கும் டிஸ்கிரிமினேஷனை ஏற்றினால் மெல்லிய தங்கமும் கூடவே போய்விடும்.

உங்களுடையது ஒற்றை அதிர்வெண்ணில் வேலை செய்யும் கருவி என்று நினைக்கிறேன். அதில் கிரவுண்ட் பேலன்ஸை (தரையிலிருந்து வரும் பதிலை அடக்கும் அமைப்பை) உப்புக்கு ஏற்ப வைக்கலாம், இல்லையென்றால் மண்ணில் இருக்கும் இரும்புத் தாதுக்கு ஏற்ப வைக்கலாம். கருமணல் கலந்த கரையில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். ஒன்றை அடக்கினால் மற்றது கத்தும். மல்டி ஃப்ரீக்வென்சி கருவி ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் கேட்டு ஒப்பிடுகிறது. உப்பின் பதில் அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் மாறும் விதம் வேறு, மோதிரத்தின் பதில் மாறும் விதம் வேறு. அதை வைத்து உப்பைக் கழித்துவிடுகிறது.

எனக்கு இது படித்துப் புரியவில்லை, பார்த்துத்தான் புரிந்தது. நண்பர் ஒருவரின் ஈக்வினாக்ஸ் 800 என்ற மல்டி கருவியை ஒரு காலைப் பொழுதுக்கு வாங்கிப் போனேன். அலை ஓரத்தில் நின்றுகொண்டு ஒற்றை அதிர்வெண்ணுக்கு மாற்றினால் அதே சந்தைக்கடை இரைச்சல். மல்டியில் ஓடும் கடற்கரை மோடுக்கு மாற்றியதும், இரைந்துகொண்டிருந்த வானொலியை யாரோ நிறுத்தியது போல இருந்தது. அதே மணல், அதே காயில். பழைய மோதிரம் ஒன்றில் தங்கூஸ் நரம்பைக் கட்டி ஒரு சாண் ஆழத்தில் புதைத்து மேலே வீசினேன். இரண்டு பக்கம் வீசினாலும் திரையில் ஒரே எண், காதில் ஒரே ஒலி.

மனைவியின் மோதிரத்தை வைத்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். ஈரமானால் தங்கூஸ் முடிச்சு வழுக்கும். எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டாம்.

அப்புறம் அந்த 'நீர் புகாது'. தண்ணீர் உள்ளே போகாது என்பதற்குத்தான் அது உத்தரவாதம். உப்பைக் கண்டு குழம்பாது என்பதற்கு இல்லை. அங்கேதான் முக்கால்வாசிப் பேர் ஏமாறுகிறோம்.

பழைய நங்கூரம்

நான் மார்பளவுத் தண்ணீரில் தேடுகிற ஆள். பதினைந்து வருடமாகப் பல்ஸ் இண்டக்ஷன் வகைக் கருவிதான். யாரும் அதைச் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன்.

இது தொடர்ந்து அலை அனுப்புகிற கருவி இல்லை. ஒரு துடிப்பு அனுப்பும், நிறுத்தும், கொஞ்சம் காத்திருந்து காது கொடுக்கும். உப்பின் எதிரொலி சில மைக்ரோ வினாடியில் செத்துவிடும். உலோகத்தின் எதிரொலி அதைவிட நேரம் நிற்கும். 10 மைக்ரோ வினாடிபோலக் காத்திருந்து கேட்டால் கடல் ஊமையாகிவிடுகிறது. கருமணலும் பெரிய தொந்தரவு கொடுக்காது. உப்பும் கருமணலும் சேர்ந்த இடத்தில் இதன் ஆழத்தை அடித்துக்கொள்ள ஆள் குறைவு.

குறை என்னவென்றால், இது எல்லா உலோகத்துக்கும் ஒரே மாதிரி கத்தும். ஒரு காலையில் கொண்டை ஊசி மட்டும் முப்பத்தேழு எடுத்தேன். தண்ணீருக்குள் ஒரு கொண்டை ஊசியை எடுப்பது எப்படி என்றால், காலால் குழி போட்டு, மணல் அள்ளும் ஸ்கூப்பை மிதித்து இறக்கி, தூக்கி, அலையில் அலசி, மீண்டும் காயிலை வைத்து, இல்லை, இன்னும் குழியிலேயே இருக்கிறது, மறுபடி. ஒன்றுக்கு மூன்று நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நாளில் காது பழகிவிடும். நீட்டுவாக்கில் கிடக்கிற ஊசி 'டிட்-டிட்' என்று இரட்டையாகக் கேட்கும், தொண்ணூறு பாகை திரும்பி வீசினால் ஒற்றையாகும். மோதிரம் எந்தப் பக்கமிருந்தும் உருண்டையாக ஒலிக்கும். ஆனாலும் சந்தேகமானால் தோண்டிவிடுவேன்.

இன்னொரு குறையும் உண்டு. காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினால் அமைதி கூடும், ஆனால் மெல்லிய சங்கிலியும் சின்னக் கம்மலும் உப்போடு சேர்ந்து மறைந்துவிடும். சங்கிலி எந்தக் கருவிக்கும் கஷ்டம்தான். கருவிக்கு அது ஒரு நகையாகத் தெரிவதில்லை, தனித்தனிக் கண்ணிகளாகத்தான் தெரியும். பெரும்பாலும் கொக்கி மட்டும் சிக்னல் கொடுக்கும்.

இது புதுப் பிரச்சினையும் இல்லை. 1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடலுக்குள் இருந்த குண்டைத் தேட கிரகாம் பெல் ஒரு கருவியோடு வந்தார். மெத்தைக்குள் இருந்த இரும்புச் சுருள்கள் அதைக் குழப்பிவிட்டன என்று சொல்வார்கள். நமக்கு மெத்தைக்குப் பதில் கடல்.

ஞாயிறுகாலை

எல்லோரும் பெரிய கருவியையே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். என்னிடம் இருப்பது 12 கிலோஹெர்ட்ஸ் ஒற்றை அதிர்வெண்ணில் ஓடும் சிம்ப்ளெக்ஸ் என்ற கருவி. ஆள்கள் துண்டு விரித்து உட்காருகிற காய்ந்த மணலில் மட்டும் நடக்கிறேன், திருப்தியாக இருக்கிறேன். பை தலைகீழாகக் கவிழ்வதும், சட்டையைக் கழற்றும்போது பைக்குள் இருந்தது சிதறுவதும் அங்கேதான். ஈரத்தில் இறங்கினால் சென்சிடிவிட்டியை (கருவியின் உணர்திறனை) பாதிக்குக் குறைத்து, அந்த ஈரத்திலேயே கிரவுண்ட் பேலன்ஸ் செய்து, காயிலைத் தரைக்கு ஒரே உயரத்தில் வைத்து மெதுவாக வீசுவேன். ஆழம் போய்விடும், ஆனால் சத்தம் அடங்கும். கரைநடை, பழையதை விற்பதற்கு முன் இதை ஒருமுறை செய்து பாருங்கள்.

அலைவரிசை

நீங்கள் சொல்வது காய்ந்த மணலுக்கு நூற்றுக்கு நூறு சரி. ஈரத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். சென்சிடிவிட்டியைப் பாதியாக்கி, நான்கு விரல் ஆழத்துக்கு மேல் கேட்காமல் நடப்பதற்குப் பதில் வேடிக்கை பார்த்துக்கொண்டே நடக்கலாம். ஆனால் ஒன்று, மல்டி வாங்கினாலும் குளிர்பான டின்னின் இழுப்பு வளையத்துக்கும் மோதிரத்துக்கும் ஒரே எண் வருவதை யாராலும் மாற்ற முடியாது. வளையத்தைத் தோண்டச் சோம்பல்படுகிறவனுக்குத் தங்கம் கிடைக்காது.

முத்துச்சிப்பி

எல்லா அண்ணன்களும் அதிர்வெண் பேசிவிட்டீர்கள். கருவிக்கு வெளியே நடந்ததை நான் சொல்கிறேன்.

என்னுடையது 3 மீட்டர் வரை தாங்கும் என்று எழுதியிருந்த கருவி. முட்டியளவுத் தண்ணீரில் திரை மங்க ஆரம்பித்தது. கரைக்கு வந்து பேட்டரி மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு தேக்கரண்டித் தண்ணீர். காரணம், தண்ணீரைத் தடுக்க மூடியில் இருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்மேல் ஒட்டியிருந்த ஒரே ஒரு மணல். முதல் நாள் இரவு நான்தான் கடற்கரையிலேயே உட்கார்ந்து, மணல் கையோடு மூடியைத் திறந்து மூடினேன். தயாரித்தவர்கள் 'பயன்படுத்தியவர் தவறு' என்று மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். அழுகைதான் வந்தது, ஆனால் ஓ-ரிங்கின் ஓரத்தில் அந்த மணல் பதிந்த சின்னப் பள்ளம் நகத்தில் தட்டுப்பட்டது. என்ன வாதாட முடியும்? இப்போது வீட்டில், விளக்கு வெளிச்சத்தில், துடைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவித்தான் மூடுகிறேன்.

ஆழக் கணக்கையும் அந்தக் கண்ணோடு படியுங்கள். ஈக்வினாக்ஸ் 800-க்கு 3 மீட்டர், டீயஸ் 2-க்கு 20 மீட்டர், எக்ஸ்கேலிபர் 2 போன்ற முக்குளிப்புக் கருவிகளுக்கு 200 அடி. வான்குவிஷ் வரிசையில் காயில் மட்டும்தான் நனையலாம், மேலே இருக்கும் பெட்டி நனையக் கூடாது. அலை உங்களைக் கேட்டுக்கொண்டு வராது. ஈர மணலில் மட்டும்தான் நடப்பேன் என்றாலும் ஒருமுறை தடுக்கி விழுந்தால் பெட்டி தண்ணீருக்குள்தான். அதனால் முழுவதும் நனையக்கூடியதாகவே வாங்குங்கள்.

ஒயர் இல்லாத ஹெட்போனை நம்பித் தண்ணீருக்குள் போகாதீர்கள். அந்த ரேடியோ அலை காற்றில் அருமையாகப் போகும், பெட்டி மூழ்கியதும் செத்துப்போகும். குனிந்து தேடுபவர்களுக்கு ஒயர் உள்ள, நனையக்கூடிய ஹெட்போன்தான்.

இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு வாரம் முழுக்கப் பொய்ச் சிக்னல் வந்து, காயிலே போய்விட்டது என்று முடிவு கட்டினேன். காயிலின் அடியில் மாட்டும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றினால், உள்ளே ஒரு பிடி ஈரக் கருமணல். கொட்டிக் கழுவியதும் சரியாகிவிட்டது. காயில் ஒயர் தொளதொளவென்று ஆடினாலும் இதே கூத்து வரும், தண்டோடு இறுக்கிச் சுற்றுங்கள்.

ஸ்கூப்பையும் மறக்காதீர்கள். பிளாஸ்டிக் ஸ்கூப் காய்ந்த மணலுக்குப் போதும். தண்ணீரில் நீளக் கைப்பிடி போட்ட துருப்பிடிக்காத எஃகு வேண்டும். என் முதல் பிளாஸ்டிக் ஸ்கூப் இரண்டாவது மிதியிலேயே இரண்டாகிவிட்டது.

பழைய நங்கூரம்

தங்கச்சி சொன்ன ஓ-ரிங் விஷயத்தைச் சுவரில் ஒட்டி வைக்கலாம். ஒன்று சேர்க்கிறேன்: கடல் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள். பெருங்காற்றுக்குப் பிறகு அலை மணலை அரித்துப் படிக்கட்டு மாதிரி வெட்டிவிட்டுப் போயிருக்கும். அன்றைக்குச் சாதாரணக் கருவியும் ராஜா. அனுமதி வேண்டிய கரையா என்று கேட்டுவிட்டுப் போங்கள், இடத்துக்கு இடம் சட்டம் மாறும்.

கரைநடை

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வந்து சொல்கிறேன்.

ஞாயிறுகாலை சொன்னதை முதலில் செய்து பார்த்தேன். சத்தம் அடங்கியது உண்மை. ஆனால் தங்கூஸ் கட்டிப் புதைத்த பித்தளை வளையம் நான்கு விரல் ஆழத்திலேயே காணாமல் போனது. பிறகு தெரிந்த ஒருவர் விற்பதாகச் சொன்ன, கொஞ்சம் பழைய மல்டி கருவியை, பேச்சை முடிப்பதற்கு முன் கடலுக்கே கொண்டுபோய்ப் பார்த்தேன். அதே வளையம், அதே இடம். ஒரு சாண் ஆழத்திலும் இரண்டு பக்கமும் பேசியது. காயிலை மேலே தூக்கும்போது மட்டும் லேசாக முனகியது, சென்சிடிவிட்டியில் இரண்டு படி இறக்கியதும் அதுவும் நின்றது. முட்டிக்கு மேல் நான் இறங்கப் போவதில்லை, எனக்கு நீச்சல் அவ்வளவாக வராது. அதனால் 3 மீட்டர் போதும், பல்ஸ் வேண்டாம் என்று முடிவெடுத்தேன். பேட்டரி மூடியைத் திறக்கச் சொல்லி ஓ-ரிங்கை நகத்தால் தடவிப் பார்த்தேன். விற்றவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

முதல் காலையில் ஆறு குழி. தூண்டிலுக்குக் கட்டும் ஈயக் குண்டு நான்கு, இழுப்பு வளையம் ஒன்று, பச்சை பிடித்த நாணயம் ஒன்று. ஒரு குழியிலும் வெறும் தண்ணீர் இல்லை. ஈயக் குண்டுக்கு வரும் எண்ணைக் குறித்து வைத்திருக்கிறேன். உங்களுக்கும் அது மோதிரத்துக்குப் பக்கத்தில்தான் விழுகிறதா?