டவர் ஸ்பீக்கர்: சில பேஸ் ஸ்வரம் மட்டும் குமுறுது, குரல் நடுவுல நிக்கல. 16க்கு 11 ஹால்ல எங்க வைக்கணும்?

தக்கலைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். வீடு தக்கலை பக்கம், கான்கிரீட் கட்டடம். ஹால் 16 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம். தரை டைல்ஸ். புதுசா ஒரு ஜோடி டவர் ஸ்பீக்கர் வாங்கியிருக்கேன். 11 அடி சுவர்ல டிவி ஷோகேஸ், அதுக்கு ரெண்டு பக்கமும் மூலையோட மூலையா ஸ்பீக்கர். எதிர்ச்சுவர்ல ஒட்டினாப்புல சோபா.

பழைய சினிமாப் பாட்டுல பேஸ் கிட்டார் (கனத்த கீழ்ஸ்வரம் வாசிக்கிற கிட்டார்) ஓடும்போது ஒண்ணு ரெண்டு ஸ்வரம் மட்டும் ஜன்னல் கம்பி வரைக்கும் அதிர்ற மாதிரி குமுறுது. அடுத்த ஸ்வரம் ஒழுங்கா இருக்கு. ஆம்ப்ல பேஸைக் குறைச்சா பாட்டு முழுக்க வெளுத்துப் போகுது, அந்தக் குமுறல் மட்டும் போக மாட்டேங்குது. இன்னொண்ணு, பாடுறவங்க குரல் நடுவுல நிக்காம இடப்பக்கம் சாஞ்சு கேக்குது. கடையில கேபிளை மாத்திப் பாருங்கன்னாங்க. விலை அதிகம். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட கேட்டுக்கலாம்னு வந்தேன்.

கோட்டாறு ராகம்:
கேபிளுக்குக் காசு போடாதீங்க தம்பி. ஸ்பீக்கர்ல காத்து வர்ற போர்ட் முன்னாடியா, பின்னாடியா? இடம், வலம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சுவர்தானா? அப்புறம் சிவப்பு சிவப்புக்கும் கறுப்பு கறுப்புக்கும் போயிருக்கான்னு ஒரு தடவை பாருங்க. ஒரு ஸ்பீக்கர்ல மட்டும் மாறியிருந்தா பேஸ் மெலிஞ்சிரும், குரலும் எங்கயிருந்து வருதுன்னே பிடிபடாது. உங்களுக்கு பேஸ் கூடுதலாத்தான் இருக்கு, அதனால அதுவா இருக்காது. ஆனாலும் பாத்துருங்க.

தக்கலைக்காரன்:
வயர் சரியா இருக்கு அண்ணா. போர்ட் பின்னாடி. இடப்பக்கம் முழுச்சுவர். வலப்பக்கம் ஸ்பீக்கரை ஒட்டியே சாப்பாட்டு அறைக்குப் போற ஆர்ச், கதவு கிடையாது.

ரப்பர்க்காடு மார்த்தாண்டம்:
மக்கா, உனக்க ஸ்பீக்கருக்கு ஒரு கேடும் இல்ல. குமுறுதது அறைக்க நீளம்.

நம்ம ஊரு வெக்கையில ஒலி நொடிக்கு ஏறக்குறைய 348 மீட்டர் போகும். 16 அடின்னா 4.88 மீட்டர். வேகத்தை நீளத்துக்க ரெண்டு மடங்கால வகுத்தா 36 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 36 அதிர்வு வரும், அதுக்க இரட்டிப்பு 71. இந்த ரெண்டு அலையும் ரெண்டு குட்டைச் சுவருக்கும் நடுவுல முட்டித் திரும்பி நின்னுரும். சுவரோரத்துலதான் அதுக்குப் பலம் ஜாஸ்தி. நீ ஸ்பீக்கரை ஒரு சுவர்லயும் காதை எதிர்ச்சுவர்லயும் கொண்டு வச்சிருக்க. பேஸ் கிட்டார்ல டி கம்பியைச் சும்மா மீட்டினா 73 ஹெர்ட்ஸ், அதுக்கு முந்தின ஸ்வரம் 69. ரெண்டும் 71ஐ ஒட்டி நிக்குது. ஏ கம்பி 55, அது 36லயும் 71லயும் மாட்டாது. அதான் ஒண்ணு ரெண்டு ஸ்வரம் மட்டும் ஆர்ப்பாட்டம் பண்ணுது. பேஸ் திருகைக் குறைச்சா எல்லா ஸ்வரமும் சேர்ந்துதான் இறங்கும், அது மட்டும் தனியா இறங்காது.

நம்பிக்கை வரலேன்னா போன்ல டோன் ஜெனரேட்டர் ஆப் போடு. சத்தத்தைக் குறைச்சு 71 ஹெர்ட்ஸ் ஓடவிட்டு சோபா சுவர்ல இருந்து பைய முன்னால நட. 4 அடியில அடங்கும். ஹால் நடுவுல, 8 அடியில, திரும்ப ஏறும். அந்த நடுப்புள்ளியில மட்டும் உக்காராதே, அங்க 71 கூடும், 36 காணாமப் போகும்.

இப்ப செய்ய வேண்டியது: ஸ்பீக்கருக்க முன்பக்கம் அதுக்குப் பின்னால உள்ள டிவி சுவர்ல இருந்து 3 அடி வரட்டும். 71க்கு சுவரோரத்துல 100 பங்கு உந்துதல்னா 3 அடியில 38தான். சோபாவையும் அதே மாதிரி, உனக்க காது சோபாவுக்குப் பின்னால உள்ள சுவர்ல இருந்து 3 அடி இருக்கத்தக்க இழு. பக்கச்சுவர்ல இருந்து 2 அடி விட்டா ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல 7 அடி வரும்.

ஒண்ணு கவனிக்கணும். ஸ்பீக்கருக்குப் பின்சுவர் தூரமும் பக்கச்சுவர் தூரமும் தரையில இருந்து வூஃபர் (பேஸ் வர்ற பெரிய கூம்பு) உயரமும் ஒண்ணாகவே கூடாது. சுவர்ல தட்டித் திரும்புற ஒலி, தூரத்துக்க நாலு மடங்கு நீளமுள்ள அலையைத் தின்னும். 3 அடிக்கு 95 ஹெர்ட்ஸ், 2 அடிக்கு 143. மூணும் 2 அடின்னா, சத்தம் குறையுற மூணு பள்ளமும் ஒரே இடத்துல விழுந்து மிருதங்கத்துக்க தொப்பி (இடப்பக்கம்) சத்தம் செத்துப் போகும்.

குளச்சல் அலை:
மார்த்தாண்டம் அண்ணன் சொன்னதுல மாத்துறதுக்கு எதுவும் இல்ல. குரல் விஷயம் நான் சொல்றேன் தம்பி. வலப்பக்க ஒலி ஆர்ச் வழியா வெளிய ஓடிருது, இடப்பக்கம் சுவர்ல தட்டி உங்ககிட்டயே வருது. அதனால இடச்சுவரைத்தான் அடக்கணும். நீங்க சோபால உக்காருங்க, வீட்டுல யாரையாவது முகம் பாக்குற கண்ணாடியை அந்தச் சுவரோரமா நகர்த்தச் சொல்லுங்க. இடது ஸ்பீக்கர் எந்த இடத்துல கண்ணாடியில தெரியுதோ அங்க புத்தக அலமாரியோ கனமான திரைச்சீலையோ வரட்டும். பேலன்ஸ் திருகைத் தொடாதீங்க.

தரைக்கு மெல்லிசுப் பாய் போதாது. ரெண்டு ஜமுக்காளத்தை மடிச்சுப் போட்டு மேல தடிமனான கயிற்றுப் பாய் விரிங்க. ஸ்பீக்கர் முகத்தை உங்களைப் பாத்துக் கொஞ்சம் திருப்புங்க, ரெண்டு கோடும் தலைக்குப் பின்னால ஒரு அடியில வெட்டிக்கிற அளவு. எங்க கோயில் பாடகர் குழு பதிவுகளைக் கேக்கும்போது, ரொம்பத் திருப்பினா அத்தனை பேரும் நடுவுல குமிஞ்ச மாதிரி ஆயிரும்.

அப்புறம், அம்மா ஹாலைத் தண்ணி விட்டுத் துடைப்பாங்க இல்லியா? பெட்டி எம்டிஎஃப்னா (மரநாரை அழுத்திச் செஞ்ச பலகை) அடி ஊதிரும். ஸ்பைக் (கூர்முனைக் கால்) மாட்டி, டைல்ஸ் கீறாம அடியில உலோகத் தட்டு வச்சுத் தூக்கி நிறுத்துங்க. நமக்கு ஜூன் மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. சாரல் அடிக்கிற ஜன்னல் பக்கம் வேண்டாம்.

தக்கலைக்காரன்:
அண்ணா, 71 ஓடவிட்டு நடந்து பாத்தேன். 4 அடி கிட்ட வந்ததும் சத்தம் அப்படியே அமுங்கிருச்சு! ரெண்டையும் இழுத்து வச்ச பிறகு அந்தக் குமுறல் பெருமளவு போச்சு, பேஸ் கிட்டார் ஒவ்வொரு ஸ்வரமாத் தனித்தனியாக் கேக்குது. குளச்சல் அக்கா சொன்ன இடத்துல அலமாரி வச்சேன், குரல் ஷோகேஸ் நடுவுக்கு வந்துருச்சு. ஒரே ஒரு கஷ்டம்: இடது ஸ்பீக்கர் பூஜை அறைக்குப் போற வழியை மறிக்குது. அம்மாவுக்குச் சிரமம்.

ரப்பர்க்காடு மார்த்தாண்டம்:
கொள்ளாம் மக்கா. அம்மை நடக்கிற வழியை மறிக்காதே. இப்ப நிக்கிற இடத்துல நாலு மூலைக்கும் தரையில மாஸ்கிங் டேப் ஒட்டு, திருப்பின கோணத்துக்கும் சேர்த்து. பாட்டு கேக்கப் போகும்போது டேப்புக்கு இழு, முடிஞ்சதும் சுவரோரம் தள்ளிரு. தினமும் இழுக்கணும்னா இடப்பக்கத்துக்கு ஸ்பைக் வேண்டாம், பெட்டியைத் தட்டு மேலயே நிறுத்தி தட்டுக்கு அடியில ஃபெல்ட் (தடிச்ச கம்பளித்துணி) ஒட்டு, டைல்ஸ்ல லேசா வழுக்கிப் போகும். ஒயர் அரை மீட்டர் கூடுதலா விட்டுக்கோ. டிவி மட்டும் பாக்குற நேரம் சுவரோரத்துலயே இருந்தா பின்போர்ட்டுல ஸ்பாஞ்சை உருட்டிச் செருகு, பேஸ் கொஞ்சம் இறங்கும்.