ஓய்வுக்குப் பின் கழகத்தில் சேர்ந்தவர்களே, இன்னும் உறுத்துகிற ஒன்றைச் சொல்லுங்கள்

மலைக்கோட்டை:

நானே தொடங்குகிறேன். திருச்சியில் எங்கள் பகுதி முதியோர் கழகத்தில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. எப்படிப்பட்ட இடம் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகள், சர்க்கரை போட்ட காபிக்கு ஒரு ஃபிளாஸ்க், போடாததற்கு இன்னொன்று, எப்போதும் கொரகொரக்கும் ஒலிவாங்கி. செவ்வாய்க்கிழமை வகுப்பு. அன்று புதியவர்கள் ஐந்து பேர், சுய அறிமுகம். ஓய்வு பெற்ற செயற்பொறியாளர், ஓய்வு பெற்ற சார்பதிவாளர், ஓய்வு பெற்ற முதுநிலை மேலாளர். அந்த வரிசையில் நானும் எழுந்து, ஓய்வு பெற்ற கணக்கு அலுவலர், முப்பத்து நான்கு ஆண்டு சேவை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

கடைசியாக ஓர் அம்மாள் எழுந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். கையில் உறுப்பினர் படிவம். "ஏழாவது கட்டத்தில் பணி ஓய்வு பெற்ற தேதி என்று கேட்டிருக்கிறார்கள். எனக்கு இன்னும் யாரும் தேதி கொடுக்கவில்லை" என்றார்.

கூடம் சிரித்தது. நகைச்சுவை என்று நினைத்து ஒருவர் கைதட்டினார். அவர் சிரிக்கவில்லை. படிவத்தை இரண்டாக மடித்து, பிறகு நான்காக மடித்து, கட்டைப்பைக்குள் வைத்தார். செல்பேசியில் மின்கட்டணம் செலுத்துவது எப்படி என்ற வகுப்பு முடியும்வரை உட்கார்ந்து குறிப்புக்கூட எடுத்தார். அடுத்த செவ்வாய் வரவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் இல்லை. இப்போது பஸ்ஸில் யார் கையிலாவது கட்டைப்பையைக் கண்டால் நிமிர்ந்து முகத்தைப் பார்க்கிறேன்.

கல்தச்சன்:

எங்கள் கதை வேறு. காஞ்சிபுரம் பக்கம். மன்றத்தில் கல்வெட்டு வகுப்பு நடந்தது. பத்து வாரம் பழைய எழுத்துகளைப் பழகிவிட்டு வேன் பிடித்து உத்திரமேரூர் போனோம். வைகுண்டப் பெருமாள் கோவில், முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை விதிகள். பள்ளிப் பாடத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்ததுதான். ஆனால் ஆயிரத்து நூறு ஆண்டுப் பழைய எழுத்தை விரலால் தொட்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல எழுத்துக்கூட்டிப் படிப்பது தனி சுகம்.

எங்களில் மூத்தவருக்கு எழுபத்தாறு வயது. முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைச் சாய்வாகத் திருப்பிச் சுவரில் விழவைத்துப் படித்துக்கொண்டிருந்தார். எ, ழு, ப, து. எழுபது பிராயத்தின் கீழ். வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறவருக்கு வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குக் கீழ். படித்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். வந்திருந்த பதினெட்டுப் பேரில் நாலு பேர்தான் தேறினோம். நன்றாகச் சிரித்தோம்.

சிரிப்பு அடங்குவதற்குள் அவர் மேலே படித்தார். வாரியத்தில் இருந்து விலகியவர் மூன்றாண்டு கழியாமல் மறுபடி வரக்கூடாது. கணக்குக் காட்டாதவர் வரவே கூடாது, அவருடைய சிற்றன்னை பேரன்னை மக்கள்கூட வரக்கூடாது. இந்த இடத்தில் அவர் குரல் கொஞ்சம் ஓங்கியது. பதினொரு ஆண்டாக எங்களுக்கு ஒரே தலைவர். இரண்டு ஆண்டாகப் பொதுக்குழுவில் கணக்கு வைக்கவில்லை. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "வெயில் ஏறுகிறது, சாப்பாட்டுக்குப் போகலாம்" என்றார். அடுத்த வாரத்திலிருந்து, மறு அறிவிப்பு வரும்வரை கல்வெட்டு வகுப்பு இல்லை.

நான் அந்த மன்றத்தின் துணைப் பொருளாளர். அன்று எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். நான் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பேரேடு:

மலைக்கோட்டை அண்ணா கோபித்துக்கொள்ளக்கூடாது. படிவம் என்றால் படிவம்தான். பொருந்தாத கட்டத்தில் ஒரு கோடு போட்டால் முடிந்தது. இதற்குப் போய் எட்டு மாதம் வருத்தப்படுவானேன்? கல்தச்சன் சொன்னதுதான் உண்மையான நோய். கணக்கு.

என் அனுபவம் சின்னது. கோவையில் ஒரு கழகத்துக்கு இரண்டாண்டு பொருளாளராக இருந்தேன். ஒரே மாதத்தில் இருபத்திரண்டு பொன்னாடைகளுக்கு ரசீது வந்தது. கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அதே மேடையில் இருபத்து மூன்றாவது பொன்னாடையை எனக்குப் போர்த்தி வழியனுப்பிவிட்டார்கள்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி பதிவு செய்துகொள்ளுங்கள். ஏழு பேர் இருந்தால் போதும். துணைவிதிகளை எழுதும்போதே தலைவர், செயலாளர், பொருளாளர் மூவருக்கும் பதவிக்காலத்தை வரையறுத்துவிட வேண்டும். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் பிறகு என்பது வராது. பணம் கழகத்தின் பெயரில், இருவர் கையெழுத்தில் இருக்க வேண்டும். தலைவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவருடைய சொந்தக் கணக்கில் வேண்டாம். அவர் காலமானால் பிள்ளைகளிடம் போய் நிற்க வேண்டிவரும். மாடியில் கூடம் பிடிக்காதீர்கள், வாடகை குறைவு என்பதற்காக முழங்காலை அடகு வைக்க முடியாது. நாற்காலிக்குக் கை இருக்க வேண்டும், கையில்லாத நாற்காலியிலிருந்து எழத் திணறுகிறவர் அடுத்த வாரம் வரமாட்டார். மாலை நாலு மணிக்குக் கூட்டம் வைத்தால் பேரப்பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவருகிறவர்கள் எப்படி வருவார்கள்? முற்பகல் பத்தரைதான் சரி. மூலிகை மருந்து, சீட்டு, காப்பீடு விற்க உறுப்பினராகச் சேர்கிறவர்களை முதல் மாதத்திலேயே கண்டுபிடியுங்கள். வரவேற்புரை மூன்று நிமிடம், நன்றியுரை ஒரு நிமிடம், பொன்னாடை பூஜ்யம். வருகைப் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் ரத்த வகையும், உள்ளூரில் இருக்கும் உறவினர் ஒருவரின் எண்ணும் இருக்கட்டும். அமெரிக்காவில் இருக்கும் மகனின் எண் மயங்கி விழுந்த நேரத்தில் உதவாது. இன்னும் நிறைய இருக்கிறது, தேவைப்பட்டால் கேளுங்கள்.

அம்மம்மா வீடு:

இலண்டனில் ஹரோ பகுதியில் இருக்கிறேன். பேரேடு ஐயா, கோடு போட்டால் முடிந்தது என்று நீங்கள் எழுதியதால்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே ஓய்வு பெற்றவர்கள் கூடிப் படிக்க மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம் என்று ஊருக்கு ஊர் உண்டு. பரீட்சை இல்லை, பட்டம் இல்லை. 1973இல் பிரான்சின் துலூஸ் நகரில் தொடங்கியபோது பல்கலைக்கழக ஆசிரியர்கள் வந்து கற்பித்தார்களாம். 1980களின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்கு வந்தபோது அந்த ஆசிரியரையே எடுத்துவிட்டார்கள், உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்க வேண்டியதுதான். மகள் வற்புறுத்தியதால் குடும்ப வரலாற்றுக் குழுவில் சேர்ந்தேன். ஒவ்வொருவரும் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாளின் நகலோடு வந்திருந்தார்கள். 1881இல் கொள்ளுத்தாத்தா ரொட்டி சுடுபவர், 1911இல் அவர் வீட்டில் இத்தனை அறைகள் என்றெல்லாம் வாசித்தார்கள்.

என் முறை வந்தது. அப்பப்பாவின் பெயர், ஊர், சுருட்டுக் கொட்டிலில் கணக்கு எழுதினார் என்ற செய்தி, அவ்வளவுதான் என்னிடம் இருந்தது. 1995 ஒக்டோபரில், போரில் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டபோது காணி உறுதிகளை, அதாவது நிலப் பத்திரங்களை, ட்ரங்குப் பெட்டியில் வைத்துக் கிணற்றடியில் புதைத்துவிட்டுப் போனோம். பிறகு போய்ப் பார்த்தபோது கிணறு இருந்த இடமே தெரியவில்லை. ஊர் நூலகத்தில் ஏதாவது இருக்காதா என்று ஒருவர் கேட்டார். யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிக்கப்பட்டதைச் சொன்னேன். யாரும் பேசவில்லை.

அப்போது எதிரில் இருந்த முதியவர், "எங்களுடைய 1931 கணக்கெடுப்பும் எரிந்துபோயிற்று. 1942இல், ஹேய்ஸில்" என்றார். ஹேய்ஸ் எங்கள் பகுதியிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். பிறகு தேடிப் பார்த்தேன், உண்மைதான். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டின் கணக்கெடுப்பும் மொத்தமாகச் சாம்பல். போர்க்காலம் என்றாலும் குண்டு விழவில்லை, வெறும் தீ விபத்து. சொல்லிவிட்டு இஞ்சி பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளிவைத்தார். என்னை ஆற்றினாரா, தன் தீயை என் தீயோடு நிறுத்துப் பார்த்தாரா, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. பிஸ்கட்டை எடுத்துக்கொண்டேன்.

1931 எரிந்துவிட்டதால் அவர்கள் போர் தொடங்கியதும் எடுத்த 1939 பதிவேட்டைத்தான் புரட்டுகிறார்கள். அதில் தொழில் என்ற கட்டத்தில் வீட்டிலிருந்த பெண்களில் பெரும்பாலோருக்கு ஒரே பதில், 'சம்பளமில்லாத வீட்டு வேலைகள்'. எங்கள் குழுவில் ஒரு மூதாட்டி தன் தாயின் வரியை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். மலைக்கோட்டை ஐயா, உங்கள் ஏழாவது கட்டத்தைப் படித்ததும் அந்த விரல்தான் கண்முன் வந்தது.

வடம்பிடி:

மதுரையிலிருந்து. நான் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள், எனக்கு எழுதிக்கொள்ள ஒரு தேதி இருக்கிறது. என் அக்காவுக்கு இல்லை. பேரேடு அண்ணன் போடச் சொன்ன கோட்டை அவள் ரேஷன் அட்டை முதல் வங்கிப் படிவம் வரை நாற்பது ஆண்டாகப் போட்டுக்கொண்டுதான் வருகிறாள். நம் நாட்டுக் கணக்கெடுப்பிலும் வீட்டுக் கடமை பார்க்கிறவர் வேலை செய்யாதவர் பட்டியலில்தான் வருகிறார்.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். போன நவம்பரில் எங்கள் சங்கத்தில் ஆயுள் சான்றிதழைச் செல்பேசியிலேயே அனுப்பக் கற்றுக்கொடுத்தோம். முகத்தைக் காட்டிக் கண்ணைச் சிமிட்ட வேண்டும். ஒரு தாத்தா, எண்பத்து மூன்று வயது, ரயில்வேயில் இருந்தவர். முகவாதம் வந்து ஒரு பக்கம் இமை மூடாது. செல்பேசியைப் பிடித்திருந்தது நான். மறுபடி மறுபடி முயன்றோம். அவரோடு சேர்ந்து சுற்றி நின்ற பத்துப் பேரும் தங்களை அறியாமல் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தார்கள், அவர் மட்டும் விழித்தபடி இருந்தார். "நான் செத்துவிட்டேன் என்று எழுதிவிடுமோ?" என்று கேட்டார். இரண்டு நாள் கழித்துத் தபால்காரர் வீட்டுக்கு வந்து விரல்ரேகை பதிந்துகொண்டு போனார். இன்னொரு முறை சிமிட்டுங்கள், இன்னொரு முறை சிமிட்டுங்கள் என்று நான் சொன்ன குரல்தான் எனக்கே கேட்டுக்கொண்டிருக்கிறது.

மலைக்கோட்டை அண்ணே, ஒன்று கேட்கிறேன். கூடம் சிரித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள்?

பேரேடு:

அப்படிக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியதில்லை. வீட்டிலிருப்பவர்களுக்கென்று தனிப் படிவம் அடித்துவிட்டால் பிரச்சினையே இல்லை. மாதிரிப் படிவம் என்னிடம் இருக்கிறது.

வடம்பிடி:

அண்ணே, இன்னொரு படிவமா?

மலைக்கோட்டை:

நானும் சிரித்தேன் அம்மா. கைதட்டியவர் வேறு யாரோ அல்ல, நான்தான். முதலில் எழுதும்போது கை வரவில்லை.

அவர் வீடு எந்தத் தெரு என்று விசாரித்து இரண்டு வாரம் முன்பு போனேன். வாசலில் மாவுக்கோலம், உள்ளே ஈரமாவு இயந்திரம் ஓடும் சத்தம். அக்கம்பக்கத்துக்கு மாவு அரைத்துக் கொடுக்கிறாராம், எனக்கு அதுவும் தெரியாது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எட்டு மாதமாக நான் சுமந்த முகத்துக்கு என் முகம் நினைவில்லை. அன்று கற்றுக்கொண்டபடிதான் இப்போதும் மின்கட்டணம் கட்டுகிறாராம். "செவ்வாய்க்கிழமை ஆர்டர் அதிகம் சார். வேறு நாள் வகுப்பு உண்டா?" என்று கேட்டார். அரைக் கிலோ மாவு வாங்கிக்கொண்டு வந்தேன்.

நேற்று செயலாளரைப் பார்த்து, வகுப்பை வியாழனுக்கு மாற்றலாமா, அந்த ஏழாவது கட்டத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். வியாழக்கிழமை கூடத்தில் யோகா வகுப்பாம். படிவம் ஐந்நூறு அச்சடித்ததில் முந்நூற்றுச் சொச்சம் பீரோவில் மிச்சம் இருக்கிறதாம். அது தீரட்டும், பார்க்கலாம் என்றார்.