ஆப்டிகல் அவுட்: தமிழில் எப்படிச் சொல்வது?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றின் அமைப்புப் பட்டிகளையும் பயனர் கையேட்டையும் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். ஒரு சொல் மட்டும் இழுக்கிறது. பெட்டியின் பின்புறம் சின்னதாய்ச் சதுரத் துளை ஒன்று இருக்குமே, உள்ளே சிவப்பு வெளிச்சம் தெரியும், சவுண்ட்பாரையோ ஆம்ப்ளிஃபயரையோ அதில்தான் இணைப்போம். அந்த ஆப்டிகல் அவுட்டைத்தான் சொல்கிறேன்.

கையேட்டில் இது துளையின் பெயராகவும் வருகிறது, அதில் செருகும் கேபிளின் பெயராகவும் வருகிறது. ஒலி எங்கே போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பட்டியில் ஒரு வரியாகவும் வருகிறது. மூன்று இடத்திலும் ஒரே சொல் தெரிந்தால்தான் பயனர் தடுமாற மாட்டார். பழைய பதிப்பில் 'ஒளியியல் வெளியீடு' என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு அது உறுத்துகிறது. பட்டியில் இடம் மிகக் குறைவு, நீளமாகப் போனால் பாதியில் வெட்டுப்படும். உதவுங்கள்.

தமிழாசிரியர் எழுதியது:

அன்புள்ள அம்மா, உறுத்துவது நியாயமே. ஒளியியல் என்பது இயற்பியலின் ஒரு பிரிவு. ஒரு துளைக்கு அந்தப் பெயரை எப்படி வைப்பது? பெயரடை வேண்டும் என்றதும் 'இயல்' என்று ஒட்டிவிடுவது நம்மிடம் வளர்ந்துவிட்ட கெட்ட பழக்கம். 'வெளியீடு' என்றாலோ நூல் வெளியீடுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

'ஒளிவாய்' என்று வையுங்கள். வாய் என்றால் திறப்பு. வாயில், கால்வாய், மடைவாய் எல்லாம் அந்த வழி வந்தவை. நான்கே எழுத்து, பட்டியில் வெட்டுப்படாது. கேபிள் ஒளிவடம் ஆகிவிடும்.

ஒலிப் பொறியாளர் எழுதியது:

ஐயா சொல்வது செவிக்கு அழகாக இருக்கிறது. ஆனால் தொலைக்காட்சியில் 'ஒளி' என்றால் தமிழருக்கு என்ன தோன்றும்? காணொளி, ஒளிபரப்பு, ஒளிப்பதிவு: மூன்றிலும் ஒளி என்பது படம். ஒலிபரப்பு என்றால் வானொலி, ஒளிபரப்பு என்றால் தொலைக்காட்சி என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். ஒரு தொலைக்காட்சிப் பெட்டியின் பின்னால் 'ஒளிவாய்' என்று படிப்பவர், படம் வெளியே போகும் வழி என்றே எடுத்துக்கொள்வார். அதில் ப்ரொஜெக்டரை இணைக்க முடியுமா என்று கேட்பார். இந்தத் துளை வழியாகப் படம் ஒரு துளிகூடப் போகாது. ஒலி மட்டும்தான்.

பெயர் வைப்பதற்கு முன் பொருளைப் பார்த்துவிடுவோம். இதை 1983-இல் தோஷிபா கொண்டுவந்தது. இதற்கு வைத்த டாஸ்லிங்க் என்ற பெயரிலேயே அந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. அப்போது நோக்கம் சி.டி. பிளேயரை ரிசீவரோடு இணைப்பது. துளைக்குள் ஒரு சிவப்பு எல்.இ.டி., அதன் அலைநீளம் ஏறத்தாழ 650 நானோமீட்டர். எண்களாக மாற்றிய ஒலிக்கு ஏற்ப அது மிக விரைவாகச் சிமிட்டுகிறது. அந்த வெளிச்சம் 1 மி.மீ. தடிமனுள்ள பிளாஸ்டிக் இழை வழியே போகிறது, மறுமுனையில் ஓர் உணர்வி அதை மீண்டும் மின்குறிப்பாக்குகிறது. கோஆக்சியல் என்ற உலோகக் கம்பி வழியாக மின்சாரமாகப் போகிற அதே எண்கள்தான் இங்கே வெளிச்சமாகப் போகின்றன. ஊர்தி மட்டும் வேறு.

ஊர்தி மாறியதில் ஒரு பெரிய நன்மை உண்டு. இரண்டு கருவிகளுக்கும் நடுவே உலோகத் தொடர்பு இல்லை. அதனால் தரையிணைப்பு வேறுபாட்டால் வரும் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் இந்த வழியாக வராது. குறையும் உண்டு. இது ஒருவழிப் பாதை. ஆம்ப்ளிஃபயரிலிருந்து திரும்பி எந்தச் செய்தியும் பெட்டிக்கு வராது, ஒலியைக் கூட்டு குறை என்ற கட்டளையும் இதில் போகாது. பி.சி.எம். எனப்படும் சுருக்காத எண்வடிவ ஒலி என்றால் இரண்டு சேனல்தான். 5.1 என்ற ஆறு சேனல் ஒலி வேண்டுமானால் டால்பி டிஜிட்டல், டி.டி.எஸ். போலச் சுருக்கி அனுப்ப வேண்டும். தரம் இழக்காத டால்பி ட்ரூஎச்.டி. இதில் கொள்ளவே கொள்ளாது.

ஆகவே பெயரில் 'ஒலி' கட்டாயம் வேண்டும். வெளியே போவது என்பதும் தெரிய வேண்டும். வாய் அதைச் சொல்லவில்லை. உண்பதும் வாய், பேசுவதும் வாய். என் பரிந்துரை: 'ஒளிவழி ஒலி வெளியீடு'.

மென்பொருள் உருவாக்குநர் எழுதியது:

நான் திரைபடிப்பி வைத்துத்தான் எல்லாவற்றையும் கேட்கிறேன், கண்ணால் படிப்பதில்லை. 'ஒளிவழி ஒலி' என்பதைப் பட்டியில் வேகமாக ஓட்டிக் கேட்டால் முதல் சொல்லும் மூன்றாம் சொல்லும் எனக்கு ஒன்றாகவே விழுகின்றன. நடுவில் வேறு ஒரு 'வழி'. ள, ழ, ல மூன்றும் அடுத்தடுத்து வரும் ஒரு சொல்லைப் பொறியின் குரல் தெளிவாகச் சொல்லும் என்று நம்பிக்கொண்டு யாரும் பட்டி அமைக்க வேண்டாம். மனிதர்களே பலர் சொல்வதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பெட்டியின் முதுகில் ஆங்கில எழுத்தில் ஆப்டிகல் என்றுதான் அச்சடித்திருக்கும். நாம் என்ன மொழிபெயர்த்தாலும் அந்த அச்சு மாறாது. கையேட்டைப் படித்துவிட்டுப் பின்னால் போய்த் தேடுகிறவர் அந்த எழுத்தைத்தான் தேட வேண்டும். தமிழ்ச் சொல் மட்டும் கொடுத்தால், தேட வேண்டியது எது என்பதை அவரிடமிருந்து மறைக்கிறோம். 'ஆப்டிகல்' என்றே விடுங்கள்.

தமிழாசிரியர் எழுதியது:

தம்பி, திருத்த வேண்டியது பொறியின் குரலை. மொழியின் எழுத்து வேறுபாட்டைக் கைவிட்டுப் பொறிக்கு இடம்கொடுக்கக் கூடாது. திரைப்பட எழுத்தோட்டத்தில் ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் அடுத்தடுத்து வருகின்றன. யாரும் குழம்பவில்லையே.

'ஆப்டிகல்' பற்றி. 'வடசொற் கிளவி வடவெழுத் தொரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல்லா கும்மே' என்று தொல்காப்பியம் கடன் சொல்லுக்கு வழி சொல்கிறது. கடன் வாங்கு, ஆனால் நம் ஒலியமைப்புக்குள் கொண்டுவா என்பதே அதன் சாரம். பகர மெய்க்குப் பின் பகரம்தான் வரும். டகர மெய்க்குப் பின் க, ச, ப வரலாம்: வெட்கம், கட்சி, நுட்பம். 'ப்ட' என்ற மயக்கம் தமிழில் இல்லை. எழுத்தை மட்டும் தமிழாக்கிவிட்டால் சொல் தமிழாகிவிடாது.

பொறியாளர் ஐயா படத்தைப் பற்றிச் சொன்னதை எண்ணிப் பார்த்தேன். அதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் ஒளி என்ற சொல்லைப் படத்துக்கே எழுதிக்கொடுத்துவிட முடியாது. ஒள் என்ற அடியிலிருந்து ஒண்மை, ஒள்ளிய, ஒளிர், ஒளிறு எல்லாம் வருகின்றன. அறிவுக்கும் அதே சொல்தான். 'ஒளியார்முன் ஒள்ளிய ராதல் வெளியார்முன் வான்சுதை வண்ணம் கொளல்' என்ற குறளில் ஒளியார் அறிவுடையோர், வெளியார் அறிவிலார். மறைதலுக்கும் ஒளிதல் என்கிறோம். அப்படிப் பார்த்தால் ஒளிவாய் வினைத்தொகையாகவும் நிற்கும்: ஒளிந்த வாய், ஒளிகின்ற வாய், ஒளியும் வாய். வகரத்துக்கு முன் ஒற்று மிகாது என்பதால் எந்தப் பொருள் என்று புணர்ச்சி காட்டாது. இது குறையே.

வல்லினத்தில் தொடங்கும் சொல் இரண்டாவதாக வந்தால் இந்தக் குழப்பம் தீரும். வினைத்தொகையில் மிகாத ஒற்று அங்கே மிகும். அப்படித் தேடியபோது 'தூம்பு' கிடைத்தது. தூம்பு ஏரியில் நீர் வெளியேறும் வழி. அதுவே மலைபடுகடாத்தில் ஓர் இசைக்கருவி: 'களிற்றுயிர்த் தூம்பு', யானை மூச்சு விடுவது போல ஒலிப்பது. வெளியேற்றும் வழி, அதே சமயம் ஒலி தருவது! பொறியாளர் கேட்ட இரண்டும் ஒரே சொல்லில் இருக்கின்றன. ஆகவே 'ஒளித்தூம்பு'. ஒளி வழியே ஒலியை வெளியேற்றுவது.

இயற்பியல் ஆசிரியர் எழுதியது:

ஐயா, தூம்பு மிக அழகான சொல். ஆனால் அது உள்ளே வெறுமையானது. இந்த இழை அப்படி இல்லை, முழுக்கத் திண்மம். வெளிச்சம் ஏதோ குழாய்க்குள் ஓடுவது போல ஓடுகிறது என்று மாணவர் எண்ணிவிட்டால், பிறகு முழு அக எதிரொளிப்பை நடத்துவது கடினம். உள்ளகத்தின் ஒளிவிலகல் எண் உறையினுடையதைவிடக் கூடுதல். அதனால்தான் சாய்ந்து விழும் கதிர் வெளியே தப்பாமல் உள்ளேயே திரும்பித் திரும்பிப் போகிறது. வெறும் குழாயில் இது நடக்காது.

வெறும் 'ஒளி' என்பதிலும் எனக்குத் தயக்கம். ரிமோட்டும் ஒளிதானே? கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, 940 நானோமீட்டர் அளவில் சிமிட்டுகிறது. அந்த வெளிச்சத்தை வாங்கும் கண் பெட்டியின் முன்பக்கம் இருக்கிறது. இரண்டையும் பிரிப்பது இழைதான். 'ஒளியிழை' ஏற்கெனவே பாடநூலில் வேரூன்றிய சொல். அதை விட்டுவிட்டு ஏன் தேடுகிறோம்? ஒளியிழை ஒலி வெளியீடு, ஒளியிழைக் கேபிள், பட்டியில் ஒளியிழை. நடுவில் வரும் 'வழி' போய்விடுவதால் காதில் மோதும் சிக்கலும் குறையும்.

ஒலிப் பொறியாளர் எழுதியது:

ஒளியிழைக்கு ஒரு தடை. வீட்டுக்கு வரும் இணையமும் இப்போது ஒளியிழையில் வருகிறது. அது கண்ணாடி இழை, முனையும் வேறு. 'ஒளியிழை' என்று மட்டும் பட்டியில் போட்டால் இணைய இணைப்பு என்று சிலர் எண்ணக்கூடும். 'ஒலி' என்ற சொல் பக்கத்திலேயே இருந்தால் ஏற்றுக்கொள்கிறேன். படமும் ஒலியும் சேர்ந்து போகும் எச்.டி.எம்.ஐ. கேபிளிலும் நீளமானவற்றுக்குள் ஒளியிழை வைத்துச் செய்கிறார்கள், அவை வெளியே பார்த்தால் வழக்கமான எச்.டி.எம்.ஐ. முனைதான். ஆகவே துளையின் பெயர் இழையின் பெயராக மட்டும் இருந்தால் போதாது.

தமிழாசிரியர் எழுதியது:

வெறுமை என்ற காரணத்தால் தூம்பைத் தள்ளுகிறீர்கள். 'உள்ளீடு' என்ற சொல்லைப் பாருங்கள். மூங்கில் உள்ளீடற்றது என்போம். உள்ளே நிறைந்திருக்கும் பொருளே உள்ளீடு. அதை எடுத்து இன்புட்டுக்கு வைத்துக்கொண்டோம், அதற்கு இணையாக வெளியீட்டை அவுட்புட் ஆக்கினோம். அந்த இடப்பெயர்ச்சியை ஏற்ற இந்த அவை, தூம்புக்கு மட்டும் உள்ளே என்ன இருக்கிறது என்று அளந்து பார்ப்பது முறையா? 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா' என்றே இலக்கணம் சொல்கிறது. சொல்லின் காரணம் பார்த்தவுடன் விளங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மென்பொருள் உருவாக்குநர் எழுதியது:

ஐயா, அதே சூத்திரம் ஆப்டிகலுக்கும் பொருந்தும். அதன் காரணமும் விழிப்பத் தோன்ற வேண்டியதில்லை. 'பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல' என்று நன்னூலும் இருக்கிறது.

அதே பட்டியில் அடுத்த வரி, எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாகவே ஒலியைச் சவுண்ட்பாருக்கு அனுப்பும் எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. அதை நாம் தொடவே இல்லை. 2009-இல் வந்த எச்.டி.எம்.ஐ. 1.4 பதிப்போடு சேர்ந்து வந்தது அது, பலரும் இன்று அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். மேல் வரி தூம்பு, கீழ் வரி ஏ.ஆர்.சி. என்றால் பட்டியைக் கேட்பவர் எப்படி ஒப்பிடுவார்?

ஒலிப் பொறியாளர் எழுதியது:

அந்த ஒப்பீடு சரியில்லை. ஏ.ஆர்.சி. ஒரு தொழில்நுட்பத்தின் இடுகுறிப் பெயர் ஆகிவிட்டது. டாஸ்லிங்கும் அப்படித்தான், அதை மொழிபெயர்க்கச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆப்டிகல் வெறும் விளக்கச் சொல். விளக்கச் சொல்லை மொழிபெயர்க்காமல் விட்டால் அது எதையும் விளக்காது.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நாளை அனுப்ப வேண்டும், ஆகவே நான் எடுத்திருக்கும் முடிவைச் சொல்லிவிடுகிறேன். படத்தோடு குழம்பும் என்ற காரணம் என்னை மிகவும் அசைத்தது. அதனால் 'ஒளி' தனியாக எங்கும் வரவில்லை. கையேட்டில் 'ஒளியிழை ஒலி வெளியீடு'. முதல் முறை வரும் இடத்தில் 'பெட்டியின் பின்புறம் ஆப்டிகல் என்று அச்சிட்ட துளை' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். கேபிள், 'ஒளியிழைக் கேபிள்'. பட்டியில் 'ஒலி: ஆப்டிகல்'. ஒருவழிப் பாதை என்பதையும், சவுண்ட்பாரின் ஒலியளவை அதன் சொந்த ரிமோட்டில்தான் மாற்ற வேண்டியிருக்கும் என்பதையும் கையேட்டில் எழுதிவிட்டேன். மூலத்தில் அது இல்லை, ஆனால் வாங்குகிறவருக்கு அது தெரிய வேண்டும்.

மூன்று இடத்திலும் ஒரே சொல் கிடைக்கவில்லை. அதற்கு மேல் தேட நேரமும் இல்லை. பி.சி.எம்., சுருக்கிய ஒலியை அப்படியே அனுப்பும் பிட்ஸ்ட்ரீம் இரண்டையும் இப்போதைக்கு அப்படியே விட்டிருக்கிறேன்.

இயற்பியல் ஆசிரியர் எழுதியது:

எனக்குச் சம்மதம். வகுப்பில் நான் ஒளியிழை ஒலி வெளியீடு என்றே சொல்வேன்.

மென்பொருள் உருவாக்குநர் எழுதியது:

'ஒலி: ஆப்டிகல்' நன்றாகக் காதில் விழுகிறது. ஏற்கிறேன்.

ஒலிப் பொறியாளர் எழுதியது:

கையேட்டுக்குச் சரி. பட்டியிலும் 'ஒளியிழை' வந்திருக்கலாம், ஏழெட்டு எழுத்துக்கு இடம் இருந்திருக்கும். ஆனால் இதற்காக நாளை என்பதைத் தள்ள வேண்டாம்.

தமிழாசிரியர் எழுதியது:

பெரும்பான்மை எது என்று தெரிகிறது. என் மறுப்பையும் மடலில் இருக்க விடுங்கள். பட்டியில் ஆப்டிகல் நுழைந்தது எனக்கு உடன்பாடில்லை. அடுத்த பதிப்புக்குள் 'ஒலிவாய்' என்பதையாவது எண்ணிப் பாருங்கள். ஒலி முதலில் நிற்கிறது, படத்தோடு குழம்பாது, பொதுப்பெயராகவும் நிற்கும்: ஒளியிழை ஒலிவாய், மின்வழி ஒலிவாய் என்று வகைப்படுத்தலாம். அப்புறம், 'ஒளியிழைக் கேபிள்' ஏன்? வடம் என்று சொல்லலாமே. தேர் இழுப்பதே வடம் என்று யாரேனும் தடுத்தால், 1 மி.மீ. இழைக்குச் சரடு என்ற சொல் இருக்கிறது.

ஒலிப் பொறியாளர் எழுதியது:

இழைக்குத்தான் 1 மி.மீ., ஐயா. மேலுறையோடு கேபிள் அதைவிடத் தடிமன். சரடு பொருந்தாது.